சீட் கவர்காரி தைத்த பாய்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் கப்பல் படகு வந்து இறங்கிய அன்று நான் பதினாலு சீட் வேன் ஒன்றுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். காதில் சாக்பீஸ், கழுத்தில் டேப். முதலில் லாரி ஹாரன் கேட்டது. அப்புறம் தெரு நாய்கள் அத்தனையும் சேர்ந்து குரைத்தன. அதற்கும் பின்னால், ஒரு டிரெய்லர் லாரியின் மேல், எங்கள் முருங்கையின் இரண்டு கிளைகளை முறித்துக்கொண்டு, ஆரஞ்சு நிறத்தில் அது வந்தது. டிரைவர் பக்கத்து சீட்டில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அத்தனை சிரிப்பு இல்லை. இப்போது சொன்னாலும் மறுக்கிறார். ஆல்பம் என்னிடம்தான் இருக்கிறது.

"இன்னாது இது?" என்றேன்.

"லைஃப் போட்டு. ஒடைக்க வந்த கப்பலோடது. இதுக்கு மரம் நட்டு, பாய் கட்டி, உள்ள ரெண்டு பெட்டு, ஒரு கிச்சன் போட்டோம்னு வெய்யி, நாம ரெண்டு பேரும் மாமல்லபுரம் போலாம், பாண்டி போலாம்."

"மாமல்லபுரத்துக்கு பஸ்ஸு கீது."

அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. கிரேன்காரருக்குக் கை காட்டப் போய்விட்டார்.

நாங்கள் செய்யூர் பக்கத்து ஆட்கள். நெல், வேர்க்கடலை, சவுக்கு, இதுதான் எங்கள் ஊர். கடல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் என்றாலும் எங்களுக்கும் அதற்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. என் அப்பாவும் அவர் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் அறுப்பறுத்தவர்கள். இவர் ஐடிஐ படித்து, ஃபிட்டராகிக் கப்பலேறினார். இருபத்திரண்டு வருஷம் எஞ்சின் அறையில் வேலை. ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. நான் தையல் கற்றுக்கொண்டேன். ஒரு மெஷினில் தொடங்கி, இப்போது ஷெட்டில் ஐந்து மெஷின் ஓடுகிறது. சிறுசேரி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்களுக்கு சீட் கவர், கார் உரிமையாளர்களுக்கு மேல்மூடி. ஞாயிற்றுக்கிழமை என் வாசலில் வேன்கள் வரிசை கட்டி நிற்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

போன வருஷம் வந்தவர், இனி போகப் போவதில்லை என்று அறிவித்தார். எனக்கு உள்ளுக்குள் குதிக்கத் தோன்றியது. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு நூல்கண்டு மாற்றப் போனேன். முதல் மாதம் வீட்டில் இருந்த மிக்ஸி, ஃபேன், மோட்டார் எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டினார். இரண்டாம் மாதம் பக்கத்து வீட்டுக்காரர்களுடையதை. மூன்றாம் மாதம் என் மெஷின்களுக்கு எண்ணெய் விட்டு விட்டு, புது சீட் கவர்களில் எல்லாம் கறை. ஒரு நாள் கத்தித் தீர்த்துவிட்டேன். அதன்பிறகு சும்மா உட்கார்ந்திருந்தார். அதுதான் இன்னும் பேஜாராக இருந்தது. இருபத்திரண்டு வருஷம் போனிலேயே குடும்பம் நடத்தியவர்கள் நாங்கள். சிக்னல் போவதற்குள் எதைச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். நேரில் உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் பேச்சு தீர்ந்துவிடுகிறது. மகளும் பொத்தேரியில் படிப்பை முடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். இருவர் மட்டும் இருந்த வீட்டில் டிவிதான் அதிகம் பேசியது. அப்படியிருக்கும்போதுதான் அந்தப் படகு வந்தது.

ஊருக்கே அது வேடிக்கையாகிவிட்டது. வருகிறவர் போகிறவரெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரர், "அண்ணாத்த, இந்த வர்ஷம் ஏரி ஒடையப் போவுதுன்னு சேதி ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்டார். இவர் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, "எதுக்கும் எங்க வூட்டுக்கு நாலு சீட்டு சொல்லி வெய்யி" என்றார். படகின் பக்கவாட்டில் முப்பத்தாறு பேர் என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தது. அதைப் படித்த பிறகு இன்னும் நிறைய பேர் சீட்டு சொல்லி வைத்தார்கள்.

"முப்பத்தாறு பேர் போறதுல ரெண்டு பேருக்கு இன்னாத்துக்கு?" என்று நான் ஒரு நாள் கேட்டேன். அவர் உள்ளே குந்திக்கொண்டு, பழைய பெஞ்சு ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தார்.

"கப்பல்ல மாசாமாசம் டிரில் உண்டு. மணி அடிக்கும், ஓடியாந்து இதுல குந்துவோம். எறக்குவாங்க, ஏத்துவாங்க. அவ்ளோதான். இருவத்திரண்டு வர்ஷமா இதுல குந்திகினுதான் கீறேன், ஒரு எடத்துக்கும் போனதில்ல. ஒரு தபா எங்கனாச்சும் போவணும்."

டீ டம்ளரை வைத்துவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் டீ கொடுக்கப் போவது, சாப்பாடு கொடுக்கப் போவது என்று நான் அங்கே போய்க்கொண்டே இருந்தேன். துருப்பிடித்து இறுகிப்போன எஞ்சினை அவர் இரண்டு வாரத்தில் இரும வைத்தார், மூன்றாவது வாரம் ஓட வைத்தார். எங்கள் ஊர் சவுக்கிலேயே நல்ல நேரான மரம் ஒன்றைத் தேடிப் பாய்மரமாக நிறுத்தினார். உள்ளே அடுப்பை எங்கே வைப்பது என்று எங்களுக்குள் நான்கு நாள் சண்டை. சமையல் மேடை என் இடுப்புக்கு வர வேண்டும் என்றேன் நான். அவ்வளவு உயரம் வைத்தால் தலை கூரையில் இடிக்கும் என்றார் அவர். கடைசியில் ஒரு முக்காலி செய்து கொடுத்தார், உட்கார்ந்தே சமைக்கலாம். அந்த நான்கு நாளில் நாங்கள் பேசியது அதற்கு முந்தைய நான்கு வருஷத்தில் பேசியதைவிட அதிகம். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வெட்கம், அதனால் வெளியே சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து சென்னை ஏஜெண்ட் போன் செய்தார். கப்பலுக்கு ஆள் அனுப்புகிறவர். ஒரு கப்பலில் ஃபிட்டர் இடம் காலியாம், ஒன்பது மாதம், மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். இவர் போனை வைத்துவிட்டு வெகுநேரம் படகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சொன்னீங்க?"

"யோசிச்சு சொல்றேன்னேன்." பிறகு அவராகவே சொன்னார்: "போட்டு ஓடுச்சின்னா போவல. ஓடலன்னா இங்க எனக்கு இன்னா வேலை, சொல்லு. உன் மிஷினுக்கு எண்ணெ வுட்றதா?"

அப்போது என் வாய் என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரியவில்லை. வேன்காரனிடம் பேரம் பேசுகிற வாய், கரண்டு ஆபீசில் சண்டை போடுகிற வாய். அன்றைக்கு அது, "பாய் யாரு தெக்கறது?" என்று மட்டும் கேட்டது.

"மெட்ராஸ்ல யாராச்சும் கீறாங்களான்னு விசாரிக்கணும்."

"அப்ப நான் எதுக்கு கீறேன்?"

இந்தப் படகை நான் ஓட வைத்தே தீருவேன் என்று முடிவெடுத்துவிட்டேன்.

என் தொழிலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். சீட் கவரில் மரியாதை என்பது ஒன்றே ஒன்றுதான்: சுருக்கம் இருக்கக் கூடாது. மாட்டிய பிறகு கையால் தடவினால் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். தொளதொளவென்று தைக்கிறவர்கள் செங்கல்பட்டு வரைக்கும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். என்னிடம் ஆள் வருவது அதற்காக இல்லை. ஆகவே பாய்க்கும் அதே மரியாதையைச் செய்தேன். கார் மேல்மூடிக்கு வைத்திருந்த வெள்ளி நிறத் துணியை எடுத்தேன், லேசு, தண்ணீர் பிடிக்காது. பட்டை பட்டையாக வெட்டி, இரட்டைத் தையல் போட்டு, ஓரத்துக்கு உருட்டித் தைக்கும் மெரூன் பைப்பிங்கூட வைத்தேன். பைப்பிங் எதற்கு என்று அவர் கேட்டார். வேனுக்கு வைப்பேன், உங்களுக்கு வைக்க மாட்டேனா என்றேன். முடித்துத் தரையில் விரித்தபோது ஷெட் பெண்கள் ஐந்து பேரும் கைதட்டினார்கள். ஒரு சுருக்கம் கிடையாது.

கடப்பாக்கம் பக்கத்து உப்பங்கழியில் படகை இறக்கினோம். கரையில் வலை காய வைத்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர்தான் கட்ட இடம் கொடுத்தார், இறக்கவும் ஆள் சேர்த்துக் கொடுத்தார். எங்களைவிட வயதில் சின்னவர், என்னை அக்கா என்றே கூப்பிட்டார். நான் ஜெபம் பண்ணினேன், அவர் பூசணிக்காய் உடைத்தார், இருவருக்கும் திருப்தி. என் கணவர் கப்பல் பழக்கத்தில் ஷூவோடு ஏறப் போக, மீனவர் ஒரு பார்வை பார்த்தார். ஷூ கரையிலேயே நின்றுவிட்டது.

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். அவர் மட்டும் ஏறினார். நான் கரையில் நின்றேன். மத்தியானக் கடற்காற்று நன்றாகவே வீசிக்கொண்டிருந்தது. என் பாய் ஏறியது. வெயிலில் பளபளவென்று, தகரம் அடித்த மாதிரி விறைப்பாக நின்றது. அத்தனை அழகு. படகு மட்டும் முன்னால் போகவில்லை. பக்கவாட்டில், நண்டு மாதிரி, மெதுவாக நகர்ந்து போய் எதிர்க்கரைச் சேற்றில் உட்கார்ந்துகொண்டது.

இது உயிர்காக்கும் படகு, இதற்கு அடி தட்டையாகத்தான் இருக்கும், பக்கத்தில் தண்ணீருக்குள் ஒரு பலகை தொங்கவிட்டால் இப்படி வழுக்காது என்று மீனவர் சொன்னார். மறுநாளே பலகை செய்து மாட்டினோம். அடுத்த ஞாயிறு இரண்டாவது முறை. இப்போது பக்கவாட்டில் போகவில்லை. எந்தப் பக்கமும் போகவில்லை. எஞ்சினைப் போட்டுத்தான் கரைக்கு வந்தார்.

மீனவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று பாயையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

"யக்கா, தப்பா நெனச்சிக்காத. பாயின்னா அதுக்கு வயிறு இருக்கணும். இது பெஞ்சு மேல இழுத்துக் கட்ன துணியாட்டம் கீது. காத்து வருது, தட்டிப் பாக்குது, அது பாட்டுக்குப் போய்கினே கீது."

"ஒரு சுருக்கம் இருந்தா காட்டு பாப்போம்" என்றேன்.

"அதான்க்கா நானும் சொல்றேன்."

என் கணவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா, அழுதாரா, தெரியவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் அவர் தோளைப் பிடிக்காமல், பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டே செய்யூர் வரைக்கும் வந்தேன். மாதக் கடைசிக்கு ஆறு நாள் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவர் அலமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கி, பாஸ்போர்ட்டையும் கப்பல் சான்றிதழ்களையும் எடுத்துத் தேதி பார்த்தார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பார்த்தார்.

மறுநாள் கோபம் தீராமலே ஷெட்டுக்குப் போனேன். என்னிடம் வேலை செய்யும் பெண்களில் ஒருத்தி, வேலை நேரத்தில் தன் ஜாக்கெட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள். வேறு நாளாக இருந்தால் சும்மா விட்டிருப்பேன். அன்றைக்கு, "இன்னா பண்ற?" என்று சீறினேன்.

"டாட் புடிக்கறேன்க்கா. அந்த டெய்லர் டாட்டே வெக்காம தெச்சிக் குட்த்துட்டான். தட்டையா கீது. எப்டி போட்டுக்கறது?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். முப்பது வருஷமாக நானே ஜாக்கெட் போடுகிறவள். தட்டையான துணி உடம்பில் உட்கார வேண்டுமானால் ஓரத்தில் மடித்துப் பிடிக்க வேண்டும், அதுதான் டாட், பிடித்த இடத்திலிருந்து துணி தானாகக் குழிந்து வயிறு வாங்கும். இது வயசுக்கு வந்த பெண் எவளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பலகையையும் பஞ்சையும் மூடி மூடி, ஆள் உடம்பு என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு நாஸ்தா என் செலவு. எதற்கு என்று அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.

மூன்று நாள் பிரித்தேன். நான் தைத்ததை நானே பிரிப்பது எனக்குப் புதுசு, ஒவ்வொரு தையலும் என்னைத் திட்டுகிற மாதிரி இருந்தது. பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு ஓரத்திலும் அதிகமாகப் பிடித்து, நடுவுக்கு வர வரக் குறைத்துத் தைத்தேன். எவ்வளவு பிடிப்பது என்று கணக்கு தெரியாது. கையால் துணியைத் தூக்கிப் பிடித்து, மேசை ஃபேனைப் போட்டு, பார்த்துப் பார்த்து பிடித்தேன். வேன்காரர்கள் வாசலில் வந்து கத்தினார்கள். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். முடித்து விரித்தபோது பாய் தரையில் படுக்கவே இல்லை, அங்கங்கே உப்பிக்கொண்டு நின்றது. என் வாழ்நாளில் அவ்வளவு அசிங்கமாக எதையும் தைத்ததில்லை.

மாதத்தின் கடைசி நாள், மத்தியானம். அன்றைக்குள் ஏஜெண்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்த முறை நானும் ஏறினேன். என் பாய் ஓடாமல் போனால் அதைக் கரையிலிருந்து பார்க்க எனக்குத் தெம்பில்லை. அவர் சுக்கானைப் பிடித்தார். பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை என் கையில் கொடுத்தார். பாய் ஏறியது, இரண்டு முறை படபடவென்று அடித்தது, அப்புறம் ஒரு மூச்சில் வயிறு வாங்கி நின்றது. கயிறு என் கையை இழுத்தது. படகு லேசாகச் சாய்ந்தது. அடியில் தண்ணீர் பேச ஆரம்பித்தது.

"போவுது!" என்று கத்தினேன். "ஏங்க, போவுது!"

கரையில் மீனவர் தலைத்துண்டை அவிழ்த்துச் சுற்றினார். என் கணவர் சுக்கானை விடாமல் பாயையே அண்ணாந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. உப்பங்கழியை நீளவாக்கில் ஒரு முறை கடந்து, திரும்பி, முகத்துவாரம் வரைக்கும் போனோம். எனக்குப் பயம் போன இடம் தெரியவில்லை. ஜெயித்தாகிவிட்டது, இனி இவர் எங்கும் போகப் போவதில்லை, ராத்திரிக்கு இறால் வாங்க வேண்டும், இதெல்லாம் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. மணல் திட்டுக்கு அப்பால் கடல் தெரிந்தது. தூரத்தில் ஒரு கப்பல் வடக்கே போய்க்கொண்டிருந்தது.

"டேங்கரு. காலியா போவுது, எவ்ளோ ஒசந்து நிக்குது பாரு" என்றார். கப்பல் நகர நகர அவர் கண்ணும் நகர்ந்தது. "ம்மே, நான் ஒண்ணு சொல்லட்டா? போட்டுதான் ஓடிருச்சே. ஒரே ஒரு காண்ட்ராக்ட்டு, ஒம்போதே மாசம், போய்ட்டு வந்துட்டா அந்தக் காசுல இதுக்கு அடியில நல்லதா இரும்புத் தகடு ஒண்ணு போட்ரலாம். இந்தப் பலகை எல்லாம் வேணாம். அப்பால பாரு, இலங்கையே போலாம்."

நான் கயிற்றை விட்டுவிட்டேன்.

பாய் தலைதெறிக்க அடித்தது. "இன்னா பண்ற! கயித்த புடி, கயித்த புடி!"

"புடிக்க மாட்டேன். நீங்க போவாதீங்க."

"இன்னா?"

"போவாதீங்கன்றேன். இரும்பும் வேணாம், இலங்கையும் வேணாம். இந்தப் போட்டு ஓடுனாலும் சரி, இங்கியே முழுவிப் போனாலும் சரி. எனக்கு வூட்ல நீங்க வேணும். அவ்ளோதான்."

சொல்லிவிட்டு அழுதேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். அவர் சுக்கானை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கெளம்பும்போதெல்லாம் கேட்டனே" என்றார். "ஒவ்வொரு தபாவும் வாசப்படில நின்னுகினு, போவட்டுமான்னு உன்ன கேட்டனே."

"அது எல்லாரும் கேக்கறதுதான! பை தூக்குன ஆள போவாதன்னு சொல்லுவாங்களா? வௌங்குமா அது?"

எங்கள் பக்கம் அப்படித்தான். கிளம்புகிறவரை எங்கே என்றுகூடக் கேட்க மாட்டோம். பின்னாலிருந்து கூப்பிட மாட்டோம். போவட்டுமா என்றால் சிரித்த முகமாகப் போய்ட்டு வாங்க என்போம், தெரு திரும்பும் வரைக்கும் நின்று பார்ப்போம், அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுவோம். நானும் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக அதைத்தான் செய்தேன்.

"நான் நெசமாத்தான் கேட்டேன்" என்றார் அவர்.

யாரும் பிடிக்காத படகு தன் பாட்டுக்குப் போய் மணல் திட்டில் உட்கார்ந்தது. எங்கள் இருவருக்கும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருஷத்தை நான் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வாசப்படி, பை, அவர் முகம். அது கேள்வி என்று எனக்கு ஒரு முறைகூடத் தோன்றியதில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கயிறு உரசி உள்ளங்கை சிவந்திருந்தது, அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மீனவரும் இன்னும் நாலு பேரும் எங்களை இழுக்க வேறொரு படகில் வந்துகொண்டிருந்தார்கள். அதற்குள் போன் அடித்தது. ஏஜெண்ட். என் கணவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி, சிக்னலுக்காகக் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, பிறகு ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், நான் வரல சார். இல்ல சார், ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் கீறேன். வூட்ல வேணான்னு சொல்ட்டாங்க சார்."

காற்று இரைச்சலில் அந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை போல. இன்னா, இன்னா என்றார் ஏஜெண்ட். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வந்துகொண்டிருந்த படகில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி, அதையே இன்னொரு முறை சொன்னார்.